கூடைக்குள் போன எழுத்துகள்

மாமியாரின் கம்ப்யூட்டருக்கு வீட்டில் பெரியவர் என்று பேர். எழுந்திருக்கவே நேரம் எடுத்துக்கொள்ளும், நடுநடுவே முனகும், எதையும் ஒரு தடவை சொன்னால் கேட்காது. பெரியவருக்கு இன்டர்நெட் கிடையாது. வேலை செய்கிற இடத்துக்கு எதற்கு இன்னொரு வாசல் என்பது மாமியாரின் கட்சி.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கிறார். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் போடுவார்களே, அது. தாவரங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் கையில் இருந்தது. அதன் சொல்லடைவைப் புது மென்பொருளில்தான் தர வேண்டும் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மென்பொருளோ பெரியவரிடம் ஏற மறுத்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாற்றியாக வேண்டும்.

மருமகள் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவள். பெரியவர் இருக்கும் மேஜையில் மாமியார் இதுவரை யாரையும் கை வைக்க விட்டதில்லை. "நீயே பார்த்துக் குடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கண் டாக்டரிடம் கிளம்பியபோது, மருமகளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அலுவலகத்திலிருந்து புது சிஸ்டத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். முதலில் மாமியாரின் ஃபோல்டர்களை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். திறந்து பார்த்ததெல்லாம் அரைகுறை. பாதியில் நின்ற பட்டியல்கள், திருத்தாத பக்கங்கள். எல்லாரையும் விரட்டி வேலை வாங்குகிற மனுஷி எதையும் முடிப்பதே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

பென் டிரைவைச் செருகியதும், இடம் போதாது என்றது பெரியவர். திரையின் மூலையில் குப்பைக்கூடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காலி செய்யச் சொன்னாள். நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று கேட்டது. அளவைப் பார்த்தாள். குப்பைக்கு அது அதிகம்தான். ஒரு கணம் தயங்கினாள். பிறகு, அடுத்தவர் அலமாரியை ஒழிக்கிறவர்களுக்கு வருகிற ஒரு சுகத்தோடு, சரி என்றாள்.

பெரியவர் புது சிஸ்டத்தை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார். திரையில் பட்டை நகர்ந்து பாதியைத் தொடும் முன்பே மாமியார் திரும்பிவிட்டார். கண்ணை விட நாக்குதான் கூர்மையாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சிரித்தார். பின்னால் நின்று பட்டையைப் பார்த்தார்.

"கூடையில இருக்கறதெல்லாம் அப்படியே புதுசுலயும் வந்துடுமில்ல?"

"எந்தக் கூடை அத்தை?"

"முடிச்சதைப் போடற கூடைதான்."

அச்சகத்தில் ஒவ்வொரு மேஜைக்கடியிலும் ஒரு கம்பிக்கூடை இருக்குமாம். திருத்தி முடித்த தாள் அதில் விழும், அடுத்த பிரிவுக்காரர் வந்து அள்ளிப்போவார். முடியாதது மட்டும்தான் மேஜைமேல் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த அன்று அதிலும் ஒரு கூடையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாவரப் புத்தகத்தில் அ முதல் ம வரை அதில்தான் இருந்தது, ஸ்கேன் எடுத்த பக்கங்களோடு.

மருமகள் திரையைப் பார்த்தாள். பட்டை நகர நகர, அழிந்த இடத்தின் மேல் புது சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் பழியைப் பெரியவர் தலையில் போட்டுவிடலாம். இயந்திரங்கள் அப்படிச் செய்யும் என்றால் மாமியார் நம்புவார். அவளால் அதை நம்பும்படி சொல்லவும் முடியும்.

"காலி பண்ணிட்டேன் அத்தை. இப்பவே நிறுத்தினா கொஞ்சமாவது மீட்கலாம். ஆனா மறுபடி இது எழுந்திருக்குமான்னு தெரியாது."

கம்ப்யூட்டரை முறையாக மூடாத குற்றத்துக்காகப் பெற்ற மகனோடேயே ஒரு வாரம் பேசாமல் இருந்தவர், குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

மறுநாள் மருமகள் டிஸ்க்கைக் கழற்றி அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள். மீண்டு வந்தவை பேரிழந்து வெறும் எண்களாக வந்தன. வீட்டில் இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்து எது எது என்று அடையாளம் கண்டார்கள். த முதல் ம வரை இல்லை. புது டிஸ்க்கில் புது சிஸ்டம் ஏறியது. மாலைகளில் மருமகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்திலிருந்து பக்க எண்களைச் சொல்ல, மாமியார் தட்டினார். பதிப்பகத்திடம் தவணை கேட்டிருந்தார். காரணம் சொல்லவில்லை.

மூன்றாம் மாலை, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அழிக்கட்டுமான்னு அது ஒரு வார்த்தை கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"திறந்து பார்க்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. பார்க்கலை."

"என்னோடதுன்னா குப்பையாத்தான் இருக்கும்னா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"ஆமா அத்தை."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"தாமரைக்கு எந்தெந்தப் பக்கம்? நிதானமாச் சொல்லு."