பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

கருத்துச் சொல்லப் பயப்படாத மனிதர்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அதில் கட்டைவிரல் நான். கல்லூரி முதல்வரின் நாற்காலியைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதி, அந்த நாற்காலிக்கு எதிரே நின்றே வாசித்துக் காட்டியவன். ஆகவே அக்கா போனில், "கெளம்பி வாடா, எனக்காகப் பேச இங்க ஒரு ஆள் இல்ல" என்றபோது, அவள் சரியான இடத்தில்தான் மனுக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அக்காவின் அறையில் கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் ஒருவர் நிற்கலாம், இன்னொருவர் நிற்க ஆசைப்படலாம். ஜன்னலைத் திறந்தால் குழந்தைக்குச் சளி பிடிக்குமாம், மூடியிருந்தது. ஃபேனைப் போட்டால் காய்ச்சல் வருமாம், நின்றிருந்தது. கதவைச் சாத்தினால் "அப்படி என்ன ரகசியம்?" என்று கேள்வி வருமென்பதால் கதவு மட்டும் திறந்திருந்தது. அந்தத் திறப்பில் அத்தை, அதாவது அக்காவின் மாமியார், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குறுக்கே கட்டிய கயிற்றில் குழந்தைத் துணிகள் காயப் பார்த்துக்கொண்டிருந்தன. கட்டில்மேல் குடைபோல விரிந்த கொசுவலைக்குள், உலகத்தோடு தனக்கு ஒரு தகராறும் இல்லை என்பதுபோல் குழந்தை தூங்கினாள்.

தகராறே அவளுடைய பெயர்தான். மறுநாள் காலை அத்தான் போய்ப் பதிந்துவிட்டு வரவேண்டும். அத்தை 'ரோகிணி' என்றார். அக்கா 'ஆதிரை' என்றாள். இரண்டும் நட்சத்திரங்கள். வானத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரேயொரு நட்சத்திரம்தான் உண்டாம். வீட்டில் அந்த இடத்தில் அத்தான் இருந்தார்.

அத்தைக்குப் பெண் குழந்தை வேண்டும் என்று ஆசை. பிறந்தது அத்தான் ஒருவர்தான். பிறக்காத மகளுக்கு வைத்திருந்த பெயரை முப்பது வருடமாகப் பூச்சி உருண்டை போட்டுக் காத்துவந்திருக்கிறார். இப்போது வெளியில் எடுத்துவிட்டார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

அக்காவின் காரணம் தொழில் சார்ந்தது. பெரிய கடையொன்றில் அறிவிப்பாளராக இருந்தவள். கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தைகளை மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. எந்தப் பெயர் கூட்டத்தைத் தாண்டிப் போகும், எது பாதி வழியில் விழும் என்று அவளுக்குத் தெரியும். "ஆ-ன்னு வாயத் தெறந்து கூப்பிட்டா நாலு மாடிக்கும் கேக்கும்டா. எங்க இருந்தாலும் திரும்பிப் பாக்கும்." வயிறு தெரிய ஆரம்பித்ததும் அந்த வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். வெயில் பக்கத்து அறையை விடச் சொன்னார்கள், விட்டாள். தூங்கும் நேரம், தலைக்கு ஊற்றும் நாள், குழந்தையைப் படுக்க வைக்கும் பக்கம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் இந்த ஒரு பெயரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதையும் விட்டுட்டேன்னா அப்புறம் இந்த வீட்ல நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாதுடா" என்றாள், வாசல் நாற்காலிக்குக் கேட்காத குரலில்.

இந்தப் போரில் அத்தானின் நிலைப்பாடு தெளிவானது. அம்மா கேட்டால், "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு." மனைவி கேட்டாலும் அதுவே. இருவரும் சேர்ந்து கேட்டால் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பார். இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அந்தத் தொட்டி அளவுக்குக் கவனிக்கப்பட்ட தொட்டி எந்த ஊரிலும் இருக்காது. நான் அவரைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு மனதுக்குள் பாதி எழுதிவிட்டேன். தலைப்பு: 'முதுகெலும்பு, ஓர் அறிமுகம்.'

சாயங்காலம் எல்லோரும் அறையில் இருந்தபோது நான் களத்தில் இறங்கினேன். கொசுவலையின் ஓரத்தில் அக்கா, கதவில் சாய்ந்து அத்தான், நாற்காலியில் அத்தை.

"அத்தை, குழந்தைக்கு இனிஷியல் என்ன?"

"இது என்ன கேள்வி தம்பி? அவ அப்பன் பேர்ல மொத எழுத்து. து."

"அப்ப, நடுவுல புள்ளி வைக்காம ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க."

"து... ரோகிணி," என்றார். பிறகு உதடுகள் மட்டும் அதை இன்னொருமுறை சொல்லிப் பார்த்தன.

அத்தானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றினார். நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். அத்தை சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் எழுத்தோடதான் இத்தன வருஷமும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். இதோட சேத்துப் பாக்கவே தோணல பாரு" என்றார். அவருடைய குரல் அப்படிச் சின்னதாகும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

அக்கா ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை, அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோகிணியே இருக்கட்டும் அத்தை."

நான் திடுக்கிட்டேன். என் கட்சி என்னைக் கேட்காமலே கூட்டணி வைத்துக்கொண்டிருந்தது.

"ஆனா முன்னாடி என் எழுத்தப் போடலாம். ம. ரோகிணி. ஒரு வம்பும் இல்ல. இப்பல்லாம் அம்மா எழுத்தும் போடுறாங்க."

அத்தையின் விரலிலிருந்து சேலை நுனி அவிழ்ந்தது. குரல் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

"அப்பன்காரன் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது அம்மா எழுத்தா? பாக்குறவங்க என்னம்மா நெனைப்பாங்க?"

குத்துக்கல் அம்மாவைப் பார்த்தது, மனைவியைப் பார்த்தது. "ரெண்டு எழுத்துமே..." என்று ஆரம்பித்து, "தொட்டி வழியுதோ என்னமோ" என்று படியேறிவிட்டது.

"பேர விட்டுட்டேன்ல அத்தை? பெத்தது நான்தானே? ஒரே ஒரு எழுத்துக்குக்கூடவா இங்க எடமில்ல?"

"பேர விட்டுட்டு வம்சத்தையே கேக்குறியேம்மா." அத்தை என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்ச புள்ள. உங்கக்காவுக்கு நீயே எடுத்துச் சொல்லு."

"ஆமாடா, சொல்லு," என்றாள் அக்கா. அவள் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்திருந்தது. "நீதான் இதப்பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கியே. நான் மூணு தடவ படிச்சேன்."

எழுதியிருந்தேன். அப்பாக்களின் எழுத்து ஏன் எப்போதும் வரிசையில் முந்திக்கொண்டு நிற்கிறது, பத்து மாதம் காத்திருந்தவரைப் பின்னால் தள்ளிவிட்டு, என்று. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரி இப்போதும் மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும், தானாக வந்துவிடும்.

அறையில் காற்றில்லை. அத்தையின் நாற்காலி வாசலை அடைத்திருந்தது. மேலே அத்தான் தொட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன், அக்கா இதே அறையில் இருப்பாள், நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் இவள்தான் நாளையிலிருந்து பதில் சொல்லவேண்டும் என்று யோசித்தேன். அவளுடைய நன்மைக்காகத்தான் யோசிக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு மிக உறுதியாகத் தோன்றியது.

"சொல்லுடா."

"இந்தக் கொசுவல ஜிப்பு சரியா மூடல போலிருக்கே," என்றேன்.

குனிந்தேன். கட்டிலுக்கு அடியில், அந்தப் பக்கம் நின்ற அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடியே நின்றன. பிறகு மூடிய ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டன. வலைக்குள் குழந்தை ஒரு கையை விரித்து, எதையோ பிடித்ததுபோல மூடிக்கொண்டாள். ஜிப்பில் ஒரு குறையும் இல்லை. அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்தேன். பிறகு மெதுவாக, ஒரு பல்கூட விட்டுப்போகாமல், மூட ஆரம்பித்தேன்.