டமாரத்தின் மைக்

வீட்டில் அவருக்கு வைத்திருந்த பெயர் டமாரம். வைத்தது மகன், புழக்கத்துக்குக் கொண்டுவந்தது மனைவி. தகர மூடி அடிக்கும் பட்டறையில் பிரஸ் மெஷினோடு மல்லுக்கட்டியே வயசைக் கழித்தவருக்குக் காது அடியோடு போனதில் ஆச்சரியம் இல்லை. தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான் ஆச்சரியம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் தினமும் சோறு போட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அவர் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். ஆனால் முகத்தில் பாசம் வழிய வேண்டும், பேச்சில் மரியாதை குறையக் கூடாது. முதலில் சிரித்தவர் அவுட், அன்றைக்குப் பாத்திரம் கழுவும் வேலை அவர் தலையில். டமாரம் ஒவ்வொரு வசவுக்கும் "சரி சரி" என்று தலையாட்டுவார். அந்த இடத்தில் யாராவது தாங்க முடியாமல் வெடித்துவிடுவார்கள். வீடு கலகலவென்று இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அவரும் சேர்ந்து சிரிப்பார். மனுஷர்கள் இப்படியும் இருப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தார்கள்.

அவருக்கோ ஒரே ஒரு ஆசைதான். மனைவி பேசுவது என்னவென்று மறுபடி தெரிந்துகொள்ள வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் சாமர்த்தியம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. குரல்தான் திரும்பாது, பேச்சாவது எழுத்தாக வரட்டுமே என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பலகையை வாங்கினார். சின்னத் திரை ஒன்றை அதில் மாட்டினார். கடையில் இருந்ததிலேயே மலிவான யுஎஸ்பி மைக்கையும் வாங்கிச் செருகினார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது அது. காது கேட்காதவன் மைக்கைச் சோதித்துப் பார்ப்பது லேசான காரியமா? அது கேட்கிறதா என்று இவருக்கு எப்படித் தெரியும்? திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தார்.

முதல் முறை மேஜைக்குக் கொண்டுவந்தபோது மூக்கு உடைந்தது. சின்ன மைக்குதானே, கேட்காமல் போய்விடப் போகிறது என்று ஒலியளவை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். அது மேலே சுற்றிய ஃபேனைத்தான் கேட்டது. திரை முழுவதும் "வா வா அவ வா" என்று எழுதித் தள்ளியது.

"செவிடருக்கு வாய்ச்ச மைக்கும் செவிடு" என்றான் மகன். அன்றைக்கு அவன்தான் பாத்திரம் கழுவினான்.

டமாரம் விடவில்லை. பலகையின் சூடும் இரைச்சலும் ஒட்டாமல் இருக்க மைக்கை ஒரு நீட்டு வயரில் தள்ளி வைத்தார். மேஜை தட்டும் ஓசை ஏறாமல் இருக்க, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றைப் புதிதாக எடுத்து அதன்மேல் உட்கார வைத்தார். ஒலியளவைப் பாதிக்குக் குறைத்தார். டிவியில் செய்தி வாசிப்பவர் பேசப் பேச, அடியில் ஓடும் எழுத்தையும் தன் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. டிவிக்கு முன்னால் குழந்தையைப் போலக் கைதட்டினார்.

அன்று சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஃபேனை நிறுத்தினார், ஜன்னல்களைத் திறந்தார். மைக்கை ஸ்பாஞ்சோடு மேஜை நடுவில் வைத்துத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரும் பேசுங்க" என்றார். காது கேட்காதவர் குரல் அல்லவா, தெருவுக்கே கேட்டது.

மனைவி, மகன், மருமகள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக் இன்றைக்கும் "வா வா" என்றுதானே எழுதப்போகிறது? இதைவிட நல்ல ஆட்டம் கிடைக்குமா?

மகன் கைகட்டிப் பவ்யமாகக் குனிந்தான். திரையில் வரி ஊர்ந்தது. "அப்பா, உங்களோட ரோட்டுல போறதுக்கு ஒரு மாட்டோட போகலாம்ங்க. மாடாவது கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்."

டமாரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மருமகள் அவித்த முட்டையை அவர் தட்டில் வைத்து, கண்ணில் அன்பு பொங்கச் சொன்னாள். "மாமா, சொன்ன கதையையே சொல்லிக் கழுத்தறுக்கிறீங்களே, உங்க வாயும் சேந்து போயிருக்கக் கூடாதா?"

அவருக்குச் சந்தேகம் துளியும் அவர்கள்மேல் வரவில்லை. செய்தி வாசிப்பவர் திருத்தமாகப் பேசுவார், வீட்டுப் பேச்சு அப்படியா, மலிவு மைக் எதையோ கேட்டு எதையோ எழுதுகிறது என்றுதான் நினைத்தார். வயரை அழுத்திச் செருகினார். மைக்கை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

மனைவி அவர் தோளில் கைவைத்துச் சிரித்தபடி பேசினாள். "என்னங்க, காது போன மாதிரி மிச்சமும் சீக்கிரம் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதிங்க."

"சரியா வாங்கல" என்றார் டமாரம். நெற்றியில் வியர்வை வடிந்தது. "மைக் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லும்மா. நிதானமா."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதைப் போல, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னாள். திரையில் அதே வரி, ஓர் எழுத்தும் மாறாமல் வந்தது.

சிரிப்பு வெடித்தது. வழக்கம்போல அவர் முகமும் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொள்ளப் போய், பாதியில் நின்றது. இத்தனை வருஷமும் எதற்குச் சிரித்தோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவமானத்தில் உடம்பு கூசியது. அவர்களை நினைத்துக்கூட இல்லை, கூடவே சிரித்த தன்னை நினைத்து.

திரையைக் கையில் எடுத்தார். முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். "அப்பா, உங்களோட ரோட்டுல போறதுக்கு... இது நீ சொன்னது. சரியா இருக்கா?" மகன் பக்கம் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "இது மருமக." கடைசி வரிக்கு வந்ததும் குரல் இன்னும் உயர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. "மிச்சமும் சீக்கிரம் போயிட்டா... இது நீ. ரெண்டு தடவை சொன்னே. பிழை இருந்தாச் சொல்லுங்க, மைக்கை மாத்திடறேன்."

பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை.

"சரி சரி" என்று தலையாட்டினார்.

மன்னிப்புக் கேட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் மூவரும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்கள். நின்றபடியே சாப்பிட்டார்கள். மனைவி அங்கிருந்து யாரிடமோ போனில் பொரிந்து தள்ளினாள். அவர் ஒலியளவைக் கூட்டினார். மேஜையிலிருந்த மைக் அதையும் பிடித்து எழுதியது. "வீட்டுக்குள்ளேயே ஒட்டுக் கேக்கிறார்டி. இப்படி ஒரு மனுஷனோட எப்படிக் குடும்பம் நடத்துறது?" அதற்குப் பிறகு சமையலறைக் கதவும் சாத்தப்பட்டது.

மேஜையில் அவரும் மைக்கும் மட்டும் இருந்தார்கள். திரை வெறுமையாகவே கிடந்தது. சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய் ஃபேனைப் போட்டார். ஒலியளவை முழுக்க ஏற்றினார்.

"வா வா அவ வா" என்று எழுதியது திரை.

"சரி சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.