இடஞ்சுழி

மருமகன் கியரை முன்னால் தள்ளினான். படகு பின்னால் போய்ப் படகுத்துறைக் கட்டையில் இடித்தது. நடுவில் பாய் விரித்து மாமனாரைப் படுக்க வைத்திருந்தார்கள். இடித்த வேகத்தில் அவர் தலை மகளின் மடியிலிருந்து நழுவியது. அவள் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டாள். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி அக்கரையில். இங்கிருந்து பார்த்தாலே அதன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

கயிறு அவிழவில்லையோ என்று பார்த்தான். அவிழ்ந்துதான் கிடந்தது. இன்னும் வேகம் கொடுத்தான். படகு இன்னும் ஓங்கி இடித்தது. பின்பக்கத்தில் ஒரு பலகை பெயர்ந்தது. துறையில் மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். படுத்திருப்பவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

மாமனார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“என்ன மாப்பிள்ளை, திரும்ப வீட்டுக்கே போறோமா?”

கேலி அவருக்குக் கூடவே பிறந்தது. இதுவும் கேலிதானா, வலியில் குழம்பிக் கேட்கிறாரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கியர் மாட்டிக்கொண்டது மாமா, இதோ என்று சொன்னான்.

கியர் மாட்டிக்கொள்ளவில்லை. அது அவனுக்கு முதல் இடியிலேயே தெரிந்துவிட்டது.

படகுக்கு அடியில் சுழலும் விசிறி போன வாரம் பாறையில் பட்டு ஓரம் உடைந்திருந்தது. மைத்துனன் அக்கரையில் படகு மோட்டார் மெக்கானிக். தம்பியைக் கூப்பிடுங்கள் என்று மனைவி சொன்னாள். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் அப்பாவின் படகுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார் என்று மைத்துனன் எங்கேயோ சொல்லி, அது இவன் காதுக்கு வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு விசிறியை மாட்ட அவன் எதற்கு என்று இவனே இறங்கினான். இஞ்சின் மூடியைத் திறந்து, முன்னால் குந்தி, விசிறியைச் சுற்றும் தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தான். இடப்பக்கம். பழைய விசிறியைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கடைக்காரர் சொன்னதற்கு, அதெல்லாம் வேண்டாம், இடப்பக்கம் சுற்றுவது கொடுங்கள் என்று எல்லாம் தெரிந்தவன் போல வாங்கி வந்தான். தண்ணீர் இறங்கியிருந்தபோது சேற்றில் நின்று மாட்டினான். ஓட்டிப் பார்க்கவில்லை.

இப்போது அவன் இஞ்சின் மூடியைத் திறந்து, தேவையே இல்லாத ஒரு நட்டை ஸ்பானரால் தட்டினான். கூடைக்காரர்களில் மூத்தவர் தம் படகில் ஏற்றச் சொன்னார்.

“வேணாம்ணே, சரியாயிடுச்சு” என்றான்.

சொல்லிவிட்டு மறுபடியும் முன்னால் தள்ளினான். மறுபடியும் இடித்தது. மனைவி ஒரு கையால் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டே மறுகையை நீட்டிக் கியரைப் பின்னால் இழுத்தாள். படகு முன்னால் நகர்ந்தது. அக்கரை வரைக்கும் ரிவர்ஸிலேயே, இஞ்சின் முனகிக்கொண்டே போனது. கரையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க அவனுக்குக் கழுத்து வளையவில்லை.

அக்கரை போய்ச் சேரும்வரை மாமனாருக்கு உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் இருந்தது. அதற்குப் பிறகு வெளியே வந்த நர்ஸ், கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

“கிளம்பறதுக்கு நேரமாயிடுச்சு” என்றாள் மனைவி.

யாரால் என்று அவள் சொல்லவில்லை. அவன் மாமனாரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

வீட்டில் உடலைக் கிடத்தியதும் மாமனாரின் தங்கை வந்து விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்தபின், கடைசியாக என்னடி சொன்னார் என்று அண்ணன் மகளிடம் கேட்டாள். கூடத்தில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மனைவி தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

“மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு அத்தை. வேற ஒண்ணும் பேசல.”

அத்தை எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைக்கூடக் கூப்பிடவில்லை, உன்மேல்தான் அவருக்கு உசிர் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கதவோரம் நின்றிருந்த மைத்துனன் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு, நாற்காலி போட ஆள் போதவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வெளியே போனான். மருமகன் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றான். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், அவன் விழுங்கிவிட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அத்தையை அக்கரையில் விட மைத்துனன்தான் படகை எடுத்தான். படகு பின்னால் போனது. உடனே இஞ்சினை நிறுத்தினான். அத்தையை இறங்கி நிற்கச் சொன்னான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை அடியில் விட்டு விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

“அத்தான், அந்தப் பழைய விசிறிய எடுத்துட்டு வாங்க.”

ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் நேராகப் பேசியது அதுதான். மருமகன் கொல்லையில் கிடந்ததை எடுத்துவந்து தண்ணீரில் இறங்கினான்.

“எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?”

“இஞ்சினுக்கு முன்னாடி.”

“பின்னாடி நின்னு முன்னாடி பாத்துச் சொல்லணும். எதிர்ல நின்னா வலது இடதாத்தான் தெரியும்.”

கடைக்கு வந்த யாரோ ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கொஞ்ச நேரம் நட்டோடு மல்லாடினான். பிறகு, அன்றைக்கு ரிவர்ஸிலேயேவா போனீர்கள் என்று கேட்டான். ஆமாம் என்றான் மருமகன். கிளம்ப எவ்வளவு நேரமானது என்று மைத்துனன் கேட்கவில்லை. கேட்பான் என்று மருமகன் காத்திருந்தான். நட்டு கழன்றதும் மைத்துனன் அதை அவன் உள்ளங்கையில் வைத்தான். விசிறியை உருவ மறுபடி குனிந்தான்.

துறையில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அவள் பையைப் பிடித்தபடி மனைவி.

“என்னப்பா கோளாறு? அண்ணன இதுலதான கூட்டிட்டுப் போனீங்க?”

மைத்துனன் நிமிர்ந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்தான். மனைவியும் பார்த்தாள்.

நட்டு அவன் கைக்குள்ளேயே இருந்தது. அதை இறுக்கி மூடிக்கொண்டு, எதையோ தவறவிட்டவன் போலக் குனிந்து, மறுகையால் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவ ஆரம்பித்தான்.