பீட்ரூட் முட்டை

மூன்றே நாளில் ஒன்பது முட்டைகளை நான் ஒருத்தியே தின்று தீர்த்திருந்தேன். பன்னிரண்டு போட்ட பாட்டிலில் மிச்சம் மூன்று. பினாங்கில் படிக்கும் என் மகள் துளசி சனிக்கிழமை காலை சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது அந்தப் பாட்டிலைத்தான்.

"என்னாம்மா இது, ரத்தம் மாதிரி?"

"பீட்ரூட்லா. வினிகர்ல ஊறப்போட்ட முட்டை. போன்ல பாத்தேன். நல்லா இருக்கு, இன்னொரு பாட்டில் போடுவோம் வா."

நல்லா இருக்கு என்பது பாதி உண்மை. சோற்று வாடையே ஆகாத எனக்கு அந்தப் புளிப்பு மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. மீதி உண்மை என் வயிற்றில் நான்கு மாதமாக இருந்தது. நாற்பத்து நான்கு வயதில்! பிள்ளை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது சந்தோஷத்தில் அழுதே விட்டேன். கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் துளசி நினைப்பு வந்தது. இருபத்தொரு வயதுப் பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வது? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், துடைத்துப் போட்டுவிடுவேன். இவள் முகம் சுளித்தால் தாங்கமாட்டேன். "பொம்பளைங்க விஷயம், நீயே சொல்லிரு" என்று என் வீட்டுக்காரர் சுகுமாரன் நழுவிவிட்டார். நேற்றுக் கழுவிய காரை இன்று மறுபடியும் வாசலில் கழுவிக்கொண்டிருந்தார், வீரர்.

பின்கட்டு அடுப்படியில் துளசி வெந்த பீட்ரூட்டின் தோலை விரலாலேயே உரித்தாள். நான் அவித்த முட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஓட்டை நீக்கினேன். அடுப்பில் வினிகரும் சீனியும் பட்டை கிராம்போடு கொதித்து மூக்கைத் துளைத்தது. எனக்கு எச்சில் ஊறியது.

"அந்தக் கையோட எதையும் தொடாத. கறை புடிச்சா போவாது. புது நைட்டி வேற போட்டிருக்கேன்."

"எதுக்கும்மா இவ்வளவு பெரிய சைஸு?"

இதுதான் சமயம். "துளசி..."

"என்னாம்மா?"

"உப்ப எடு."

அப்போதுதான் பின்பக்கச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு மேய் ஃபோங்கின் தலை தெரிந்தது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவள், சீனக் கடைக்காரர் மகள். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவாள்.

"ஐயோ விமலா, செவப்பு முட்டை! யாருக்குலா புள்ள பொறந்திருக்கு? என்கிட்ட சொல்லவே இல்ல!"

சீனர் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதும் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை கொடுப்பார்கள். துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆன்ட்டி, இது ஊறுகா! எங்க வீட்ல யாருக்கு இப்ப புள்ள?"

நானும் கூடச் சிரித்திருக்க வேண்டும். முகம்தான் சூடானது. மேய் ஃபோங் மூன்று பெற்றவள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துளசியின் சிரிப்பு மெல்ல நின்றது. பாட்டிலைப் பார்த்தாள். தொளதொள நைட்டியைப் பார்த்தாள்.

"அம்மா... இந்த பாட்டில் பூரா நீயேவா தின்ன?"

"ம்."

"எத்தன மாசம்?"

"நாலு." நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டேன். "வெக்கமா இருக்கா ஒனக்கு?"

அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கிய சட்டியை இறக்கி வைத்தாள். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"தம்பி வேணும், தங்கச்சி வேணும்னு சின்ன புள்ளையில எவ்வளவு கேட்டிருப்பேன்! இப்பத்தான் ஒங்களுக்குக் காது கேட்டுச்சா?" பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா! காரு தேஞ்சிரப் போவுது, உள்ள வாங்க!"

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. ஆள் வரவில்லை.

"அடுத்த தடவ முட்டை ஓட்ட உரிக்காத விமலா," என்றாள் மேய் ஃபோங், மூக்கை உறிஞ்சியபடி. "சாயம் நான் வாங்கித் தரேன்லா."

துளசி என் முன்னால் குனிந்து வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது புது நைட்டியில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் கறையைப் பற்றி வாயே திறக்கவில்லை.