மாங்குயில் கூடு, படத்துடன்

பட்டியல் மாமாவுக்குக் கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், படம் ஒன்றே மெய். பறவை பார்க்கும் குழுவில் யார் எதைக் கண்டதாக எழுதினாலும் பட்டியலில் ஏற்றுவது அவர் கையில்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் மூன்று கோடையாக மஞ்சள் நிற மாங்குயில் பார்த்ததாக எழுதினாள். அந்த மனுஷன் மூன்று தடவையும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தார். வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே?

"காக்காய்க்கு யாராச்சும் மஞ்சள் பூசிவிட்டிருப்பாங்க," என்று அவள் வீட்டுக்காரன் வேறு கிண்டல் செய்தான்.

இந்தக் கோடைத் தொடக்கத்தில் வசமாக அமைந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் மேற்கே பார்த்த ஜன்னல். அதற்கு வெளியே கைக்கெட்டும் கிளையில் மாங்குயில் கூடு. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள். ஊரில் இந்தப் பறவை கூடு கட்டியதாகப் பதிவே கிடையாது. ஆனால் அடர்ந்த கொப்பு ஒன்று கூட்டை மறைத்துக்கொண்டு நின்றது. எத்தனை தடவை எடுத்தாலும் படத்தில் இலைதான் விழுந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குக் கொப்பை இழுத்து, பையிலிருந்த கட்டுத்துணியால் ஜன்னல் கம்பியில் கட்டினாள். குஞ்சு இருக்கும் கூட்டைத் தொடாதே, நெருங்காதே என்று குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லித் தருபவளே அவள்தான்!

"ரெண்டே நிமிஷம், கண்ணுங்களா," என்றாள்.

நாலு படம். தெள்ளத் தெளிவாக விழுந்தன. நின்ற இடத்திலேயே குழுவுக்கு அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு கீழேயிருந்து கூப்பாடு. பஸ் கவிழ்ந்து பதினெட்டுப் பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். போட்டது போட்டபடி ஓடினாள். கை, கால், விலா, மண்டை என்று நிமிர நேரமில்லை. "மூச்சை அடக்குங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது.

மூன்று மணிக்குத்தான் போனைப் பார்த்தாள். பட்டியல் மாமாவே எழுதியிருந்தார்: "ஏத்திட்டேன்மா. இத்தனை நாள் உன்னை நம்பாதது என் தப்பு. ஆமா, ஒரு இலைகூட மறைக்காம எப்படிம்மா எடுத்தே?"

போனை அப்படியே போட்டாள். "ஐயோ, கொப்பை அவிழ்க்கலையே!"

படிகளில் தாவி ஏறினாள். வெயில் நேராகக் கூட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. தாய்ப்பறவை விளிம்பில் உட்கார்ந்து, சிறகை விரித்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அவளைக் கண்டதும் பறந்துவிட்டது. அந்தச் சிறகால் எவ்வளவு வெயிலைத்தான் தடுக்க முடியும்? மூன்று குஞ்சுகளும் வாய் பிளந்தபடி சுருண்டு கிடந்தன.

முடிச்சை அவிழ்த்தாள். கொப்பு பழைய இடத்துக்குப் போய்க் கூட்டின்மேல் நிழல் விழுந்தது.

"பாவி, நான்தான் கொன்னுட்டேன்," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் ஆண்பறவை அலகில் புழுவோடு வந்தது. ஒரு குஞ்சின் வாயில் வைத்தது. உள்ளே இறங்கவில்லை. எடுத்து அடுத்த குஞ்சின் வாயில் வைத்துப் பார்த்தது. அதையும் எடுத்து, மூன்றாவதின் வாயில் வைத்துவிட்டுக் காத்திருந்தது.