சமையலறை வழியாகப் போன படகு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தையல்காரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு பாய்மரப் படகின் மூக்கு உள்ளே வந்தது. அவள் கணவரான தச்சர் பதினோரு வருடமாகக் கொல்லையில் கட்டிய படகு. அதன் அடியில் ஓடும் கட்டை மூக்கிலிருந்து வால்வரை ஒரே நீளம். அந்த மாதிரிப் படகு பிடித்த திசையை விடாது. பின்னால் போகச் சொன்னால் காது கேளாத மாதிரி இருக்கும். அவர்கள் இருந்தது குறுகலான ஒரு தீவு. கடலோ வீட்டு வாசலுக்கு எதிரே. மனிதர் அங்குலம் பிசகாமல் எல்லாம் அளந்தார், நடுவே வீடு இருப்பதைத் தவிர. கடைசி ஆணி அடித்த மறுநாளிலிருந்து படகு தானாகவே நாளுக்கு ஒரு முழம் நகர்ந்தது.

உப்பு எடுக்கக்கூடப் படகின் மேல்தளம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டியிருந்தது. அப்படி ஏறிய ஒருநாள்தான் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு படுக்கை.

"ஏங்க, நான் எங்க படுக்கிறது?"

"உனக்குத்தான் தண்ணியப் பார்த்தாலே தலை சுத்துமே."

"பதினோரு வருஷத்துல ஒரு வாட்டியாவது என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூன்று பாயையும் தைத்தவள் அவள். தானும் போவதாக நினைத்தே தைத்தாள். வயிறெரிந்து, தலையணையோடு படகிலேயே குடியேறினாள். தச்சருக்கு உறைத்தது. ஆனால் முழம் முழமாகத்தானே போகிறது என்று, இன்னொரு படுக்கைக்குப் பலகை வாங்குவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். கடைசியில் அவர் மரக்கடையில் நின்ற நேரம் பார்த்துப் படகு தண்ணீரைத் தொட்டது. தண்ணீரில் அதற்கு முழக்கணக்கு கிடையாது. அவள் நிமிர்ந்தபோது கரை கடுகாகியிருந்தது. தலை மட்டும் சுற்றவில்லை.

கொத்தனார் வந்து, படகு இடித்துப்போன சுவர்களை அடைக்கட்டுமா என்றார்.

"முன்பக்கம் அடைச்சிடுங்க. பின்பக்கத்தத் தொடாதீங்க. அது திரும்பாது, உலகத்தச் சுத்தி அந்த வழியாத்தான் வரணும்," என்றார் தச்சர்.

இரண்டு மழைக்காலம் சமையலறைக்குள் பெய்தது. அடுப்பருகே பூனை இரண்டு ஈற்று ஈன்றது. தச்சர் குடைக்கடியில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, இளைத்துப்போனார். மூன்றாம் வருடம், குறுகலான அந்தத் தீவின் மறுகரையில் ஏறிய படகு, முழம் முழமாகத் தோட்டங்களைக் கடந்து கொல்லைக்கு வந்தது. சுக்கானைப் பிடித்தபடி தையல்காரி, வெயிலில் கறுத்துப்போய்.

தச்சர் கூடவே நடந்தார். "நானும் வரட்டுமா?" என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார்.

"ஒரே ஒரு படுக்கைதாங்க இருக்கு."

"பலகை வாங்கி வச்சிருக்கேன்."

அவள் மூன்று நாள், அதாவது மூன்று முழம், யோசித்தாள். பிறகு கயிற்றேணியை இறக்கினாள். செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்து, யாரும் சொல்லாமலே முன்சுவரை இடிக்க ஆரம்பித்தார்.