ஆள் தேவையில்லாத வகை

காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் மூன்றாவது மாடியில் அறுபத்திரண்டு பேர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் இத்தாலிக்காரர்களுக்குச் செருப்பு தைத்த கட்டடம் அது. தையல் மெஷின்கள் போய் மேசைகள் வந்தாயிற்று. மழைக்காலத்தில் மட்டும் சுவரிலிருந்து இன்னும் பசை நாற்றம் கிளம்பும். வெளியே ஷ்கோத்ரா நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே புகுந்ததில் யாருக்கும் கோட்டைக் கழற்ற மனமில்லை. எட்டு மணிக்கு முன்னால் ஹீட்டர் போடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

ஆறு மணிக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலியில் காப்பிக் கடைகள் திறக்கும். முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் கடைக்காரனைப் பிடித்து, மின்சார இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒப்பந்தத்தை அவன் தலையில் கட்ட வேண்டும். அவன் காப்பி மெஷின் சீறுகிற சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும். பாதிப் பேர் முதல் வார்த்தையிலேயே திட்டுவார்கள். மீதிப் பேர் முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுவார்கள்.

எண்களை அழைப்பது இவர்கள் இல்லை. எங்கோ கிளவுடில் இருக்கும் ஓர் இயந்திரம் அழைக்கும். யார் எப்போது பேச்சை முடிப்பார் என்று அதுவே ஊகித்து, அவர் முடிப்பதற்கு முன்பே அடுத்த கடைக்காரனைப் பிடித்து வைத்திருக்கும். நன்றி சொல்லி வாயை மூடுவதற்குள் காதில் இன்னொருவன் இத்தாலியக் கணக்கில் ஹலோவாக 'ப்ரோந்தோ' என்பான்.

அந்த இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பவள் வித்தோரே. மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் அவள் மேசை. வயது முப்பத்தைந்து. ஆறு வருடம் வெளியே ஹெட்செட்டோடு கத்தியவள்தான். கத்திய நேரம் போக, இரவல் வாங்கிய மடிக்கணினியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு உள்ளே வந்தவள். கேம்பெய்ன் என்று இவர்கள் சொல்வது, அவள் எழுதும் ஒரு நீண்ட படிவம். பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் கடிகாரப்படி. ஒரு கடைக்காரனை ஒரு நாளில் எத்தனை தடவை தொந்தரவு செய்யலாம் என்பது முழு எண். வேகம் மட்டும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு பின்னம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை உண்டு; வகை தப்பினால் இயந்திரம் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கறார் வித்தோரேவுக்குப் பிடிக்கும். மனிதர்கள்தான் ஒன்று சொல்லி ஒன்று செய்வார்கள், இது அப்படியில்லை என்று நினைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு முதலாளி கஸ்பர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“வேகம் எவ்வளவு வெச்சிருக்கே?”

“புள்ளி ஏழு சார்.”

“புள்ளி ஒம்போதாக்கு.”

“மூச்சு விட நேரமிருக்காது சார். இப்பவே பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக் கெடக்கு.”

“மூச்ச வீட்ல போய் விடட்டும். மிலான்ல மின்சாரக் கம்பெனி அம்மா தெனம் ஒம்போது மணிக்கு நம்ம வேலையத் தெறந்து பாக்குறா. ஒனக்கா அவளுக்குப் பதில் சொல்லணும்? எனக்குத்தானே.”

வித்தோரே மாற்றினாள். ஒரு நிமிடத்தில் மாடி முழுக்க அது தெரிந்தது. இரண்டு அழைப்புக்கு நடுவில் தண்ணீர் குடிக்கக் கிடைத்த இடைவெளி போயிற்று. கையில் எடுத்த கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்கள்.

மூன்றாவது வரிசையில் பிரேனா. அவள் குரலுக்கு மயங்காத கடைக்காரன் கிடையாது. எட்டு நாற்பதுக்கு, ஒரு வாக்கியத்தின் நடுவில், அந்தக் குரல் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. காதில் ஒருவன் 'ப்ரோந்தோ, ப்ரோந்தோ' என்று கத்துகிறான். இவள் வாயைத் திறக்கிறாள், வெறும் காற்று வருகிறது. இருமித் துடைத்த கைக்குட்டையில் ரத்தம். குரல்நாண் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“தொண்டை இல்லாதவளுக்கு இங்க என்ன வேலை? சரியானதும் வரட்டும். அதுவரைக்கும் சம்பளம் கெடையாது” என்றார் கஸ்பர்.

அந்த ஒன்பதைத் தட்டியது வித்தோரேவின் விரல். அதை யாரும் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் கஸ்பர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். வரப்போவது கெட்ட சேதிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“திங்கக்கெழமையிலேருந்து புது கேம்பெய்ன். இதே கடைங்கதான், இதே மின்சாரம்தான். வகைய மட்டும் மாத்து. ஆள் தேவையில்லாத வகை.”

அந்த வகை படிவத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஊகித்து முன்னாலேயே அழைப்பது ஒன்று, ஆள் ஓய்ந்ததைப் பார்த்து அழைப்பது ஒன்று, ஆளே இல்லாமல் இயந்திரக் குரலை விட்டுப் பேசவைப்பது மூன்றாவது. மூன்றாவதை அவள் தொட்டதேயில்லை.

“அழைப்பு எந்த வரிசைக்குப் போகணும் சார்? அதுக்கொரு கட்டம் இருக்கு. இப்ப அதுல நம்ம மாடி இருக்கு.”

“காலியா விடு.”

“காலியா விட்டா ஏத்துக்காது.”

“விட்டுப் பாரேன்.”

விட்டுப் பார்த்தாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஏற்றுக்கொண்டது. ஒரு புள்ளி இடம் மாறினால் ஆயிரம் கேள்வி கேட்கும் இயந்திரம், அறுபத்திரண்டு பேரை விட்டுவிட்டீர்களே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. இயந்திரத்தின்மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? எதிரே உட்கார்ந்திருந்தவர் மனிதர்.

“வெளிய வாயத் தெறக்காதே. ஒனக்கு வேலை இருக்கும்” என்று எழுந்து போனார்.

பத்து மணி இடைவேளையில் மாடிப்படியில் ஸெஃப் உட்கார்ந்து கீரை அடைத்துச் சுட்ட பியூரெக் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இத்தாலியில் பாரித் துறைமுகத்தில் பதினைந்து வருடம் பெட்டி இறக்கி, முதுகு போனபின் ஊர் திரும்பியவர். அவர் பேசும் இத்தாலிய மொழியைக் கேட்டு, திட்ட வந்த கடைக்காரனும் சிரித்துவிட்டுத்தான் ஃபோனை வைப்பான். வித்தோரே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்ததைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி வைத்தார்.

“எழுதினத நீ அழிச்சிட்டேன்னா?”

“தலைநகர்ல, தீரானாவுல, சாஜ்மிர்னு இதே வேலை தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான் அண்ணே. எனக்குப் பதிலா ஆள் வேணும்னா முதலாளி அவனத்தான் கூப்பிடுவார். அவன் திரும்ப எழுதிருவான்.”

“ஒனக்கு மட்டும் வேலை இருக்கும்னானாக்கும்.”

“ஆமா.”

“பரவால்லையே. மொத்த வீட்டையும் கொளுத்திட்டு வாசக்கதவ மட்டும் ஒனக்கு எழுதி வெக்கிறான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணே, ஞாயித்துக்கெழம வரைக்கும் ஓடுறதுக்கு நாம வேணும். நாம இல்லேன்னா, மெஷின் பிடிச்சு வெச்ச கடைக்காரன் வெறும் ஃபோனக் காதுல வெச்சிக்கிட்டு நிப்பான். நூத்துக்கு மூணுக்கு மேல அப்பிடிப் போனா மிலான்காரி நம்ம ஒப்பந்தத்தையே நிறுத்திடலாம். திங்கக்கெழமைக்கு அப்புறம் நாம எத நிறுத்தினாலும் அதுக்குத் தெரியவே தெரியாது.”

ஸெஃப் காகிதப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் திணித்தார்.

“ஜெயிப்பமா?”

“தெரியல அண்ணே.”

“எனக்குத் தெரியும். வேலை போகப் போகுது. கழுத்தப் பிடிச்சுத் தள்றானா, முன்னாலயே சொல்லிட்டு அனுப்புறானா, அது மட்டுந்தான் பாக்கி.” எழுந்துகொண்டே, “அதுவும் பெரிய வித்தியாசந்தான்” என்றார்.

அன்றே ஒரு காகிதம் கைமாறத் தொடங்கியது. மூன்று வரி. ஆளை வேலையிலிருந்து எடுப்பதானால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை பழைய வேகம். பிரேனாவின் வைத்தியமும் சம்பளமும் கம்பெனி பொறுப்பு. வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்துவது என்று பேசி, கழிப்பறையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பத்தொன்பது பேர் போடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுப்பு எரிவது ஒரே ஒரு சம்பளத்தில் என்றால் பேனா கனக்கத்தான் செய்யும்.

வெள்ளிக்கிழமை பிரேனாவும் வந்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. தன் இடத்தில் பேசாமல் உட்கார்ந்தாள்.

ஏழரைக்கு ஸெஃப் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, திரையில் ஓய்வுப் பொத்தானை அழுத்தினார். பிறகு முன்வரிசை. பிறகு அடுத்தது. வித்தோரேவின் திரையில் அழைப்பு எடுக்கத் தயாராக இருப்பவர்களின் எண்ணிக்கை, பிரேனா போக, அறுபத்தொன்றிலிருந்து நாற்பதாகி, முப்பதாகி, பத்தொன்பதில் நின்றது. இயந்திரம் பழைய ஊகத்திலேயே அழைத்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கு ஏழு கடைக்காரர்கள் பதில் இல்லாத ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பதினொருவர்.

கஸ்பர் ஓடி வந்தார்.

“வேகத்தக் கொற! புள்ளி மூணுக்குக் கொண்டு வா. இருக்கிற பத்தொம்போது பேர் சமாளிப்பாங்க.”

உண்மைதான். இரண்டு விசையைத் தட்டினால் போதும், வேலைநிறுத்தம் அதோடு சரி. வித்தோரே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“காது கேக்கலையா?”

“கேக்குது சார்.”

“அப்ப செய்.”

“செய்ய மாட்டேன் சார்.”

“ஒன்ன வெளியிலேருந்து தூக்கி உள்ள ஒக்கார வெச்சது யாரு?”

“நீங்கதான். அதுக்குத்தான் அந்த ஒம்போதப் போட்டேன். பிரேனாவுக்குத் தொண்டை போச்சு.”

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். முப்பது சதவீதம் என்று அடித்தார். வகை தவறு என்று சிவப்பாக வந்தது. வெறும் முப்பது. சிவப்பு. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பூஜ்யம் போட்டு, தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்து, மூன்று போட்டார். அதுவும் சிவப்பு. இந்த ஊர்க் காற்புள்ளி அதற்குத் தெரியாது.

“மொத்தமா நிறுத்தித் தொலைக்கலாம்னா மிலான்காரி ஒப்பந்தத்தையே கிழிச்சிருவா” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

வெளியே அத்தனை அழைப்பும் அந்தப் பத்தொன்பது பேர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒருவனை முடிப்பதற்குள் இன்னொருவன். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி அழுதுகொண்டே ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். பக்கத்திலிருந்தவன் அவளைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் கழற்றினான். ஐந்து நிமிடத்தில் திரையில் பூஜ்யம்.

மாடியில் அப்படி ஓர் அமைதியை வித்தோரே கேட்டதேயில்லை. கஸ்பரும் கேட்டார். உடனே ஃபோனை எடுத்துத் தீரானாவை அழைத்து, எல்லாரும் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டார்.

“சாஜ்மிர், அந்த ஆள் தேவையில்லாதது தயாரா எழுதி வெச்சிருக்கு. திங்கக்கெழம வேணாம், இப்பவே ஓட விடு.”

“பாக்குறேன் சார்... இருக்கு. எண்கள ஏத்தி, குரலச் சேக்கணும். நாப்பது நிமிஷம் போதும்.”

மணி ஏழு ஐம்பது. எட்டரைக்கு இயந்திரக் குரல் பேச ஆரம்பித்துவிடும். ஒன்பது மணிக்கு மிலான்காரி பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும், அந்த ஒரு மணி நேரக் கோளாறுக்குக் கஸ்பர் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வார். கடைசி வரிசைவரை எல்லார் முகத்திலும் அது தெரிந்தது. நிறுத்தியதால் மூன்று நாள் முன்னதாகவே வேலை போகிறது, அவ்வளவுதான்.

வித்தோரே ஃபோன் பக்கம் குனிந்தாள்.

“சாஜ்மிர், நான் வித்தோரே. அதுல வரிசைக் கட்டம் காலியா இருக்கா, பாரு.”

“பாத்தேன். இந்த வகைக்கு அது தேவையில்லையே.”

“அந்தக் கட்டத்துல அறுவத்திரெண்டு பேர் இருந்தாங்க. இப்ப எல்லாரும் இங்கதான் ஒக்காந்திருக்கோம். ஒருத்திக்குப் பேச்சு வரல. ஒம்போது மணிக்கு முன்னால நீ முடிச்சிட்டா, எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசப் போறதில்ல.”

கஸ்பர் ஃபோனைப் பறித்தார். “அவ கெடக்குறா. நீ வேலையப் பாரு.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கஸ்பர் திரையைத் திருப்பிப் பார்த்தார்.

“சார்” என்றது குரல். “இங்க லைன் ரொம்ப மெதுவா இருக்கு. மத்தியானம் ஆயிரும்.”

“இப்பத்தானேடா நாப்பது நிமிஷம்னே?”

“சொன்னேன் சார். லைன் மெதுவா இருக்கு.”

அவன் வைத்துவிட்டான். அவன் முகத்தை இங்கே ஒருவரும் பார்த்ததில்லை. நாளைக்கே அவன் மனசு மாறலாம், அல்லது அவனுக்குப் பதில் வேறொருவன் வரலாம்.

ஸெஃப் அந்தக் காகிதத்தோடும் ஒரு பேனாவோடும் கண்ணாடி அறைக்குள் வந்து, காகிதத்தை மேசைமேல் விரித்தார். பின்னால் பிரேனாவும், அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒக்காருங்க சார். ஒம்போதுக்கு இன்னும் நேரமிருக்கு. பேசலாம்.”

“இதுல கையெழுத்துப் போட்ட ஒருத்தருக்கும் இனி இங்க வேலை கெடையாது” என்றார் கஸ்பர்.

“அதத்தானே சார் நீங்க புதன்கிழமையே எழுதச் சொன்னீங்க” என்றாள் வித்தோரே.

ஸெஃபின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். காகிதத்தில் இடமில்லை, ஓரமாகத் திருப்பி, விளிம்பை ஒட்டித் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும், அழுத ஜன்னலோரப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பேனாவுக்குக் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மிச்சப் பேர் நின்றார்கள்.

கஸ்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி பத்து நிமிடம். மிலான்காரி திறந்து பார்க்க இன்னும் ஐம்பது நிமிடம். அவர் உட்காரவில்லை. வெளியே போகவும் இல்லை.